வானத்தின் மேல் பழி போடாத மாமி

மாமி ஒருநாளும் மழையைக் குற்றம் சொன்னதில்லை. திருவனந்தபுரத்தில் குடியிருந்துகொண்டு இப்படி ஒருவரா என்று கேட்பீர்கள். அந்த ஊரில் ஆபீசுக்குப் பிந்தி வருகிறவர், கல்யாணத்துக்கு வராமல் போனவர், வாங்கிய பொருளைத் திருப்பித் தராதவர் எல்லாரும் காரணத்தைக் கொண்டுபோய் மழையின் தலையில்தான் கட்டுவார்கள். மழையும் மறுத்துப் பேசாது. மாமி மட்டும் முழங்கால்வரை நனைந்த புடவையோடு மாடியேறி வந்து, குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, "நான் லேட்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் இருக்காது. ரோட்டில் தண்ணீர் ஏறியதும் பஸ் பாதியில் நின்றதும் வேறு யாராவது சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நானும் ஒருநாள் பிந்தி வந்தேன். "மழை மாமி, அதான்" என்றேன்.

"மழை என்ன பண்ணும்? மழை பெய்யும். அதுக்கு அதாக்கும் வேலை. நீ லேட். அவ்வளவுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. அம்பாசமுத்திரத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்து, தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவளிடம் இப்படியா பேசுவது என்று பாத்ரூமில் போய் நின்று கொஞ்சம் அழுதேன். வெளியே வந்தால் மாமி என் மேசையில் ஒரு துண்டை வைத்திருந்தார். தலை துவட்டிக்கொள்ள.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் டைரக்டர் முதல் வாசல் காவலாள் வரை எல்லாருக்கும் அவர் மாமிதான். மலையாளிகளும் "மாமீ" என்று நீட்டித்தான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். வலியசாலையில் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. பருத்திப் புடவைக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ போட்டிருப்பார், மொட்டை மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டியிருந்ததால். படித்தது காற்றைப் பற்றி. எங்களுடைய ஒளி எந்த நேரத்தில் காற்றைக் கடந்து வரும், எந்த நேரத்தில் வராது என்று சொல்வது அவர் வேலை.

அந்த ஒளி என்ன ஒளி என்று என் அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்கவே எனக்கு நெடுநாள் ஆயிற்று. இரண்டு பேர் ரகசியமாகப் பேசிக்கொள்ள ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியை ஒளியின் மிகச் சின்னத் துகள்களில், ஒவ்வொரு துகளாக அனுப்புகிறோம். நடுவில் எவனாவது எட்டிப் பார்த்தால் துகள் கலைந்துவிடும். கலைந்தது இந்தப் பக்கம் பிழையாகத் தெரிந்துவிடும். தடம் விடாமல் எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. செயற்கைக்கோளிலிருந்து இப்படி அனுப்பினால் நாட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிடலாம். ஆனால் நடுவில் காற்று இருக்கிறது. ஈரம், தூசி, சூட்டில் நடுங்குகிற காற்று, எங்கிருந்தோ சிதறி வருகிற வெளிச்சம். இவையும் துகளைத் தின்னும், பிழையைக் கூட்டும். வந்த பிழையில் காற்றால் வந்தது எது, கள்ளனால் வந்தது எது என்று பிரித்துக் காட்ட வழி இல்லை. அதனால் சட்டம் ஒன்றுதான். பிழை முழுவதும் கள்ளன் கணக்கு. எங்கள் முறையில் அது நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டினால் அந்தச் சாவியே வேண்டாமென்று கழித்துவிட வேண்டும். எனக்கும் மற்றவர்களுக்கும் இந்தச் சட்டம் ஆபீஸோடு முடிந்தது. மாமிக்கு அது சுபாவமாகவே இருந்தது.

மாமிக்கு ஓர் ஆசை உண்டு. அதை யாரிடமும் அவர் ஒளித்ததில்லை. செயற்கைக்கோள் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அது முதலில் எந்தத் தரைநிலையத்துக்கு ஒளி அனுப்பும் என்பது முடிவாகவில்லை. வடக்கே ஒரு வறண்ட மலையில் ஒரு நிலையம், இங்கே எங்கள் மொட்டை மாடியில் ஒன்று. திருவனந்தபுரமா, அங்கே வானம் எந்தக் காலத்தில் காய்ந்திருக்கிறது என்று மேலே இருந்தவர்கள் சிரித்தார்களாம். மாமிக்கு அது தன் வீட்டுப் பிள்ளையைச் சொன்ன மாதிரி.

"ஒரே ஒரு தடவை மேலேர்ந்து வரணும்டி. நம்ம வானம் வழியா, நம்ம மாடிக்கு. அதைப் பாத்துட்டு நான் ஆத்துக்குப் போயிடுவேன். வேற ஒண்ணும் வேண்டாம் நேக்கு" என்பார்.

அந்த ஒரு தடவைக்காகத்தான் மலை வேலை. வித்துராவைத் தாண்டி, பொன்முடிக்கு ஏறுகிற சரிவில் ஓர் அறை. அங்கிருந்து துகள்களை எங்கள் மாடித் தொலைநோக்கிக்கு அனுப்புவோம். தலைக்கு நேர் மேலே கனத்த காற்று கொஞ்ச தூரம்தான், அதற்கப்புறம் வெட்டவெளி. மலையிலிருந்து படுக்கையாக வருகிற ஒளிக்கோ வழி முழுக்கக் கனத்த காற்று. இதில் தேறினால் அதில் தேறும் என்பது மாமியின் வாதம். மலை அறையில் ஷாஜி இருந்தான். வித்துராக்காரன், என்னைப் போல ஒப்பந்தத்தில் இருந்தவன், நல்ல வாய்.

மலையிலிருந்து ஒரு பச்சை வழிகாட்டி விளக்கையும் எங்கள் பக்கம் திருப்பியிருப்போம். அது இங்கே திரையில் ஒரு பொட்டாகத் தெரியும். பகல் பூராவும் அந்தப் பொட்டு நிலைகொள்ளாமல் துள்ளும். வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளியுமே, அதே நெளிவுதான். மண் சூடாக இருக்கிறவரை துள்ளும், இருட்டி மண் குளிர்ந்த பிறகும் வேறு விதமாகத் துள்ளும். இடையில், பொழுது சாய்கிற நேரத்தில், மண்ணின் சூடும் காற்றின் சூடும் சரிசமமாகிற கொஞ்ச நேரம் உண்டு. அப்போது அந்தப் பொட்டு அடங்கும். மாமி அதற்குச் 'சந்தி' என்று பெயர் வைத்திருந்தார். திரைக்கு முன்னால் நின்றபடி, "துள்றது... துள்றது..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். திடீரென்று குரல் இறங்கிவிடும். "நின்னுடுத்து." அந்த வார்த்தையைக் கேட்டதும் நாங்கள் துகளை எண்ணத் தொடங்குவோம். திருவனந்தபுரத்து வானத்தில் சாவி எடுக்க ஏற்ற நேரம் அதுதான் என்று கண்டுபிடித்தது அவர்தான்.

இதனால் வீட்டில் விளக்கேற்றுகிற நேரத்தில் மாமி ஒருநாளும் இருந்ததில்லை. மாமாதான் ஏற்றுவார். ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் முறையிடுவார்.

"கேட்டியா, மழை தப்பு பண்ணித்துன்னு இவ வாயால வராது. காத்து தப்பு பண்ணித்துன்னு வராது. எல்லாத் தப்பும் மனுஷா பண்ணினதாக்கும். இந்த ஆத்துல மனுஷான்னு இருக்கறது நான் ஒருத்தன்."

"உங்களை ஒண்ணும் சொல்லலை. நானும் மனுஷிதான்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அது வெறும் பேச்சில்லை. கோடை வந்தால் அந்தத் தெருப் பெண்கள் மாமியைக் கேட்காமல் வடாம் பிழிய மாட்டார்கள். காற்றைப் படித்தவர் பக்கத்து வீட்டில் இருக்கும்போது டீவியில் வருகிற வானிலையை யார் கேட்பார்கள்? மாமியும் 'இருக்கலாம்', 'பாக்கலாம்' என்று மழுப்ப மாட்டார். போடலாம் என்றால் போடலாம், வேண்டாம் என்றால் வேண்டாம். ஒருநாள் போடலாம் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். மத்தியானம் கொட்டித் தீர்த்தது. எதிர்வீட்டு மாமி மாடியில் பரப்பியிருந்தது பூராவும் கூழாகிப் போயிற்று. "மழைக்கு நீ என்ன பண்ணுவே, விடு" என்று அந்த மாமியே பெரிய மனசு பண்ணிச் சொல்லியும் எங்கள் மாமி கேட்கவில்லை. மறுநாள் லீவு போட்டு, தன் வீட்டு அரிசியில் கூழ் கிண்டி, எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து அத்தனையும் பிழிந்து கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். தெருவே சிரித்தது. எதிர்வீட்டு மாமிக்குத்தான் ஒரு மாதிரியாகிவிட்டது. மன்னிக்க ஆசைப்பட்டவரை மன்னிக்கவும் விடவில்லையே இவர்.

இந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால், பாதி நாள் பிடித்திருந்தது. மீதி நாள் பயமாக இருந்தது.

அவருடைய மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான். ஒருநாள் போனில் வேலையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியவன் குரல் பாதியில் அறுந்துபோயிற்று. மறுபடி கூப்பிட்டு, "சிக்னல் போயிடுத்தும்மா, ஒண்ணும் இல்லை" என்றிருக்கிறான். மாமி அதை நம்பவில்லை. மறுநாள் ரயிலேறி, சொல்லாமல் கொள்ளாமல் அவன் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார். இதை அவர் என்னிடம் சொன்னது மத்தியானச் சாப்பாட்டின்போது, மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே.

"லிஃப்ட்ல இருந்திருக்கான்டி. நெஜமாவே லிஃப்ட்."

நான் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை.

"'நோக்கு எல்லாரும் கள்ளனாம்மா?'ன்னு கேட்டான். அப்பறம் அவன் கூப்பிடறதில்லை. நான் கூப்பிட்டா, அப்பாகிட்டக் குடுங்கறான்."

"நீங்க ஏன் மாமி சிக்னல்னு நம்பல?"

"ஏதோ சொல்ல வந்தான். பாதியில நின்னுது. மிச்சத்தைக் காத்துதான் தின்னுதுன்னு வச்சுண்டு சும்மா இருக்கறது எனக்குத் தெரியலை" என்றார். "அது என் தப்புதான். அவன் மேல ஒண்ணும் இல்லை." டிபன் டப்பாவைக் கழுவ எழுந்து போய்விட்டார். நான் அவருக்கு மகளாகப் பிறக்காததற்கு நிம்மதிப்பட்டேன். நிம்மதிப்பட்டதற்காக வருத்தமும் பட்டேன்.

இனி 'கோட'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளத்து மலைகளில் சரிவேறி வருகிற மூடுபனிக்குக் கோட என்று பெயர். முதல்முறை நானும் மாமியும் ஜீப்பில் மலைக்குப் போனபோது, வித்துரா சந்தையில் டீக்கடைக்காரர், "மேலே நல்ல கோடயாணு" என்றார். நாங்கள் பேசும்போது கோடையையும் கோட என்றுதானே சொல்வோம்? மேலே நல்ல வெயில் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு ஸ்வெட்டரை ஜீப்பிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அறை வாசலில் ஷாஜி நிற்பதே தெரியவில்லை, அத்தனை பனி. பல் கிடுகிடுக்க நின்ற என்னைப் பார்த்து மாமி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நன்னாப் படிச்சுக்கோ. இங்க கோடன்னா கோடை இல்லை" என்று தன் சால்வையை என் மேல் போட்டார். ஷாஜி பல நாள் இதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி பண்ணினான்.

எங்கள் டைரக்டர் சார் சென்னைக்காரர். நல்லவர். அந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மலைக்கு அவர் போனதே இல்லை. மலையோடு பேசுவதெல்லாம் மாமிதான் என்பதால் இந்த வார்த்தை அவர் காதில் விழ வாய்ப்பே வந்ததில்லை.

மதிப்பீட்டுக் குழு வந்த அன்றைக்கு வாய்த்துவிட்டது. எந்த நிலையம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு சாயங்காலம். வெயில் நன்றாக அடித்துச் சாய்ந்திருந்தது. மாமி குழுவில் வந்தவர்களைத் தொலைநோக்கியின் அந்தப் பக்கம் கூட்டிப்போய்ச் சந்தி நேரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். குரலில் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஒரு படபடப்பு. நான் துகளை எண்ணுகிற கணினிக்கு முன்னால் இருந்தேன். மலையிலிருந்து போன் வந்தது. வழக்கமாக அதை எடுப்பது மாமிதான். மாமியின் கை ஒழியவில்லை என்று சார் எடுத்தார்.

அந்தப் பக்கம் ஷாஜி சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. சார், "ஓ, குட், குட்" என்று வைத்துவிட்டு, "மாமி, மேலே நல்லா காஞ்சிருக்காம். ஆரம்பிச்சிடலாம்" என்றார். மாமி ஒரு தடவை கிழக்கே திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து மலை வெறும் நீலக்கோடு. திரையில் பச்சைப் பொட்டு அடங்கிக்கொண்டிருந்தது. "நின்னுடுத்து" என்றார். ஆரம்பித்தோம்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக வந்தது. அப்புறம் பச்சைப் பொட்டு, ஆடாமல் அசையாமல், மங்கத் தொடங்கியது. துகள்கள் வருவது குறைந்துகொண்டே போயிற்று. அவை குறையக் குறைய, வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சம் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெளிச்சத்துக்குச் சாவியைப் பற்றி என்ன தெரியும்? பிழையாகத்தான் வந்து விழும். எண் ஏறிக்கொண்டே போய் எல்லையைத் தாண்டுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு கீழே ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டு ஷாஜியைக் கேட்டார்கள்.

"சாறே, ஞான் ஆத்யமே பறஞ்ஞு. கோடயா, கோட கேறி வருந்நு, நிக்கணும்னு சொல்றதுக்குள்ள சார் வெச்சு."

பனி ஏறி வருகிறது என்று அவன் முதலிலேயே சொல்லிவிட்டான்; பொறுங்கள் என்பதற்குள் சார் போனை வைத்துவிட்டார். கோடை என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. கோட என்றால் என்னவென்று பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டார்.

குழுத் தலைவர் பொல்லாதவர் இல்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு ஒரு வழி செய்துகொடுக்கத்தான் பார்த்தார். தமிழ் தெரிந்தவர். மாமியிடம் தமிழிலேயே கேட்டார்.

"மேடம், மூடுபனி வந்தது எல்லாருக்கும் தெரியுது. கூடின பிழை முழுக்க அதனாலதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. காத்தைப் பத்தி இங்க உங்களைவிடத் தெரிஞ்சவங்க இல்லை. அந்த அளவைக் கழிச்சுட்டுப் பாத்தா சாவி எல்லைக்குள்ள வந்துடும். நாங்க ஏத்துக்கறோம்."

ஒரே வார்த்தை. சொன்னால் செயற்கைக்கோள் எங்கள் மாடிக்கு வரும். சார் மாமியைப் பார்த்தார். நான் பார்த்தேன். சொல்லிவிடுங்கள் மாமி, சொல்லிவிடுங்கள் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மாமி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பனி வந்தது வாஸ்தவம். துகள் குறைஞ்சது பனியாலதான். அதுக்கு நான் சாட்சி சொல்றேன். ஆனா பனியோட கூட யாரும் வரலைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"அந்த மலையில யார் மேடம் வரப்போறாங்க?"

"யாரும் வந்திருக்க மாட்டா. நேக்கும் அப்படித்தான் படறது. ஆனா படறது வேற, அளந்து சொல்றது வேற அல்லே? இன்னிக்கு பனி மேல போட்டா, நாளைக்கு மேகத்து மேல போடுவோம். கள்ளனுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? பனி இருக்கற நாளாப் பாத்து வந்தாப் போறுமே."

மாமி கையில் சுற்றியிருந்த தலைப்பைப் பிரித்து விட்டார்.

"இந்தச் சாவியைக் கழிச்சுடுங்கோ" என்றார் மாமி.

தலைவர் ஏதோ எழுதினார். பிறகு, மலையில் இருக்கிற ஆளை மாற்ற வேண்டியிருக்குமோ என்று பொதுவாகக் கேட்டார். மாமி உடனே நிமிர்ந்தார்.

"ஷாஜி சரியாத்தான் சொன்னான். சாருக்கு அந்த வார்த்தை தெரியாது. சொல்லிக் குடுத்திருக்க வேண்டியது நான். காஞ்சிருக்குன்னு கேட்டப்போ ஒரு தடவை மலைக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கணும், அதையும் பண்ணலை. என் தப்பு."

"மாமி, போனை எடுத்தது நான்" என்றார் சார்.

"எடுத்தது நீங்க. வானத்தைப் பாத்துச் சொல்றதுக்கு எனக்காக்கும் சம்பளம்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. குழு போன பிறகு மாமி மாடியில் தொலைநோக்கிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"ஒரு வார்த்தை மாமி. சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிரும்? அது பனிதான்னு உங்களுக்கே தெரியும்லா? இத்தன வருஷமா எதுக்குக் கெடந்து பாடுபட்டீங்க?"

உறையின் நாடாவை அவர் முடிச்சுப் போடப் போட அது அவிழ்ந்துகொண்டே இருந்தது.

"நேக்கு மட்டும் ஆசை இல்லைன்னா நெனைச்சுண்டிருக்கே?" என் பக்கம் திரும்பினார். "நீ என் மனசுக்குள்ள வந்து பாத்தியா? அவர் கேட்டப்போ ஆமாம்னு சொல்ல என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவ்வளவு ஆசை. அதனாலதான்டி என்னை நானே நம்பலை."

நான் நாடாவை வாங்கி முடிச்சுப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கோபம் எங்கே போயிற்றென்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் அழுதோம். கீழே போகும்போது மாமி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

செயற்கைக்கோள் வடக்கு மலைக்குப் போயிற்று. எங்கள் மாடிக்குச் சின்னச் சின்ன வேலைகள் வந்தன. ஷாஜியின் வேலை போகவில்லை. சார் மலையாளம் படிக்க ஆரம்பித்தார், வைராக்கியமாக. மாமி ஓய்வுபெற்ற நாளிலும் சாயங்காலம் திரைக்கு முன்னால் நின்று, "நின்னுடுத்து" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். நாங்கள் வாங்கிக் கொடுத்த சால்வையை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "அங்க குளிரும்" என்றார். எனக்கு வடக்கு மலை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. விண்ணப்பிக்கலாமா என்று நான் தயங்கியபோது அதட்டி அனுப்பியவரும் அவர்தான்.

அந்த மலையில் வானம் காய்ந்துதான் கிடந்தது. ஈரம் என்பது வாசலில் உலர்த்திய துணியில்கூடக் கொஞ்ச நேரம்தான். செயற்கைக்கோள் எங்களுக்கு முதன்முதலாக ஒளி அனுப்பவிருந்த நாளில், காலையிலேயே மாமிக்குச் செய்தி அனுப்பினேன். அது தெற்கிலிருந்து ஏறி வரும். திருவனந்தபுரத்தின் தலைக்கு மேலே கடந்துதான் எங்களிடம் வரும். பொழுது சாய்ந்த நேரம் என்பதால் வெயில் பட்டு நகர்கிற ஒரு புள்ளியாக வெறும் கண்ணுக்கே தெரியும். மாடியில் நின்று பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அது அவர்களுக்கு ஒளி எதுவும் அனுப்பப்போவதில்லை. சும்மா மேலே போகப்போகிறது. அது அவருக்கும் தெரியும்.

எல்லாம் முடிந்து, சாவியைச் சரிபார்த்து, மற்றவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது நான் ஒதுங்கிப் போய்ப் போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பிழை எவ்வளவு?"

"எல்லைக்கு ரொம்பக் கீழ மாமி."

"ஒண்ணையும் கழிச்சுக் காட்டலையே?"

"இல்ல மாமி. வந்தது அப்படியே."

"நன்னாருங்கோ எல்லாரும்" என்றார். அவர் அழுதிருக்கிறார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

"நீங்க மாடிக்குப் போனீங்களா மாமி?"

"போகாம? மாமாவும்கூட வந்தார். விளக்கேத்திட்டு நேரா மேலே ஏறி வந்துட்டார்."

"தெரிஞ்சுதா?"

கேட்டுக்கொண்டே என் முன்னால் இருந்த திரையைப் பார்த்தேன். நாடு முழுவதற்குமான மேகப்படம் அதில் திறந்திருந்தது. தெற்குக் கோடியில், கடலோரத்தில், திருவனந்தபுரம் இருக்கிற இடம் பூராவும் வெள்ளையாக மூடிக் கிடந்தது. சாயங்காலத்திலிருந்தே அப்படித்தான். அங்கே யாருக்கும் ஒரு நட்சத்திரம்கூடத் தெரிந்திருக்காது.

"இல்லைடி" என்றார் மாமி. "அது வர்ற நேரத்துக்குக் கண்ணு நெறைஞ்சு போயிடுத்து. நான்தான் சரியாப் பாக்கலை."